இளைப்பாறிய பிறகு எந்தப் பழக்கம் நிலைக்கிறது?

சுண்ணக்கட்டி (களுவாஞ்சிகுடி)

அனைவருக்கும் வணக்கம். 33 ஆண்டுகள் கணிதம் கற்பித்துவிட்டு, சென்ற ஆண்டு 60 வயதில் இளைப்பாறினேன். பிரியாவிடையில் பொன்னாடை போர்த்தி, "இனியாவது ஆறுதலாக இருங்கள் சேர்" என்று சொல்லி அனுப்பினார்கள். முதற்கிழமையே ஒரு சீஆர் கொப்பியில் கோடு கீறி அட்டவணை போட்டேன். காலையில் நடை, பிறகு யோகாசனம், பத்து மணிக்குச் சிங்களம், மாலையில் வீட்டுத்தோட்டம், இரவில் வாசிப்பு என்று ஐந்து பழக்கங்கள். நான்கு மாதங்கள் கழித்து அந்தக் கொப்பியைத் திறந்தபோது நடைக்கு மட்டுமே சரி அடையாளங்கள் தொடர்ந்திருந்தன. பக்கத்து வளவில் இருந்த இளைப்பாறிய தபாலதிபர் திருகோணமலையில் உள்ள மகள் வீட்டுக்குப் போனதோடு அதுவும் நின்றுவிட்டது.

எனக்குச் சோம்பல் கிடையாது. காய்ச்சலோடும் பாடசாலைக்குப் போனவன் நான். ஆனால் அங்கே காலையில் நாற்பது பிள்ளைகள் காத்திருந்தார்கள், இங்கே நான் சிங்கள எழுத்தைப் படித்தாலும் படிக்காவிட்டாலும் கேட்பதற்கு ஆள் இல்லை.

இதை எழுதத் தூண்டிய நிகழ்வு ஒன்று உண்டு. அண்மையில் களுதாவளைப் பிள்ளையார் கோயிலில் அன்னதானத்துக்குப் பந்தியில் அமர்ந்தேன். சாப்பிட்டு முடிந்து இலையை மடித்துவிட்டு எழும்ப முயன்றபோது எழும்ப முடியவில்லை. ஒரு கையை நிலத்தில் ஊன்றிப் பார்த்தேன், இரண்டு கைகளையும் ஊன்றிப் பார்த்தேன். கடைசியில், சாம்பார் வாளியோடு வந்த இளைஞன் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அவன் என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்தவன். அன்று வீட்டுக்கு வந்து நெடுநேரம் விறாந்தையில் பேசாமல் இருந்தேன்.

இளைப்பாறி இரண்டு மூன்று ஆண்டுகள் கடந்தவர்களிடம் கேட்கிறேன். எந்தப் புதிய பழக்கம் உங்களிடம் தங்கியது, எது தங்கவில்லை, ஏன்? புத்தகத்தில் உள்ள அறிவுரையை விட உங்கள் அனுபவத்தை எழுதினால் எனக்குப் பெரும் உதவியாக இருக்கும்.

உடலியக்கம் (மட்டக்களப்பு)

வணக்கம் சேர். நான் பிசியோதெரப்பிஸ்டாகப் பணிபுரிகிறேன். கோயில் பந்தியில் உங்களுக்கு நேர்ந்ததை என்னிடம் வருபவர்களில் பலர் சொல்வதுண்டு, ஆனால் பெரும்பாலும் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகே சொல்கிறார்கள். நீங்கள் முன்கூட்டியே கவனித்தது நல்லது.

நம்முடைய பெற்றோர் பாயில் இருந்து சாப்பிட்டார்கள், பாயில் படுத்தார்கள், கிணற்றடியில் குந்தியிருந்து உடுப்புத் தோய்த்தார்கள். ஒரு நாளில் எத்தனையோ தடவை நிலத்திலிருந்து எழும்பினார்கள். இப்போது மேசை, கட்டில், கதிரை மலசலகூடம் எல்லாம் வந்துவிட்டன. அவை முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கு வரமாகத்தான் இருக்கின்றன, ஆனால் நாம் அறியாமலே செய்துவந்த ஒரு பயிற்சியை நம்மிடமிருந்து எடுத்துவிட்டன. வயது ஏறும்போது தசையின் அளவை விட அதன் வலு விரைவாகக் குறைகிறது, அதிலும் தொடைத் தசையின் வலு குறைவது எழும்பும்போதுதான் தெரியவரும். நடை நல்லது, ஆனால் நடை மட்டும் இந்த வலுவைத் திருப்பித் தராது.

சுவரோடு சாய்த்து வைத்த, கைப்பிடி இல்லாத ஒரு கதிரையில் அமருங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 செக்கனில் எத்தனை தடவை முழுமையாக எழும்பி அமர முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயது வரையான ஆண்களுக்கு 14க்குக் குறைந்தாலும், அதே வயதுப் பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலும் கால் வலு சராசரியை விடக் குறைவு என்று கொள்வோம். அடுத்து, மேசையருகே நின்று ஒரு பாதத்தின் குதிக்கால் மற்றப் பாதத்தின் விரல்நுனியைத் தொடுமாறு நேர்கோட்டில் வைத்து 10 செக்கன் நிற்கப் பாருங்கள். நிற்க முடியாவிட்டால் விழும் ஆபத்து கூடுதலாக உள்ளது என்று பொருள்.

65 வயது கடந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், கிழமைக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்போடு, தசை வலுவுக்கான பயிற்சியைக் குறைந்தது இரண்டு நாட்களும், சமநிலைக்கான பயிற்சியை மூன்று நாட்களும் செய்யச் சொல்கிறது. நம் ஊரில் நடையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், மற்ற இரண்டையும் எவரும் பேசுவதில்லை. கதிரையிலிருந்து எழும்பி அமர்வதையே பத்துத் தடவை, காலையும் மாலையும், தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் செய்யுங்கள். உணவில் மீன், முட்டை, பருப்பு, நம் எருமைத் தயிர் ஆகியவற்றில் ஏதோ ஒன்று ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும். சோறும் சொதியும் மட்டும் தசையை வளர்க்கமாட்டா. நெஞ்சு வலி, தலைச்சுற்று உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

காத்தான்குடியான்

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். எனக்கு 68 வயது, கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறினேன். சேர் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். என்னிடம் தங்கிய பழக்கம் சுபஹு என்னும் அதிகாலைத் தொழுகைக்குப் பிறகான கடற்கரை நடை, அது ஏழாவது ஆண்டாகத் தொடர்கிறது. அது தங்கியதற்குக் காரணம் நாங்கள் நால்வர் என்பதுதான். ஒருவர் பள்ளிவாசலுக்கு வராவிட்டால் மற்ற மூவரில் ஒருவர் கட்டாயம் தொலைபேசி எடுப்பார். "என்ன காக்கா, சுகமில்லையா?" என்று கேட்கும் அந்தக் குரலுக்காகவே எத்தனையோ மழைக்காலக் காலைகளில் போர்வையை விலக்கியிருக்கிறேன். சித்திரை தொடங்கிக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஏழு மணிக்கே வெயில் சுடும் என்பதால் சுபஹோடு புறப்படுவதுதான் நம் பகுதிக்குப் பொருந்தும். செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மணலில் நடப்பது காலுக்கு மிக நல்லது என்பதும் என் அனுபவம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் நால்வரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் மெல்ல மெல்ல விலகினார். முதலில் நடைக்குப் பின் தேநீர்க்கடையில் அமர்வதை நிறுத்தினார், பிறகு நடையையும் நிறுத்தினார். எங்களில் எவரோடோ மனத்தாங்கல் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்கும் எண்ணத்தோடு வீட்டுக்குப் போனோம். அங்கேதான் தெரிந்தது, அவருக்குக் காது கேட்பது குறைந்துவிட்டது. கடையில் கோப்பைச் சத்தத்துக்கும் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் நடுவே நாங்கள் பேசுவது விளங்காமல், எல்லோரும் சிரிக்கும்போது தானும் சிரித்துச் சிரித்துக் களைத்துவிட்டார். மகன் காதுக்கருவி வாங்கிக் கொடுத்த பிறகு திரும்பி வந்தார். 2024இல் 'லான்செட்' ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கையில், மறதி நோய்க்கான, நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளில் கேட்கும் திறன் குறைவதும் தனிமைப்படுவதும் உள்ளன என்று என் மகள் வாசித்துச் சொன்னாள். இந்த இரண்டும் ஒரே மனிதரில் ஒன்றையொன்று இழுத்து வந்ததை நாங்கள் கண்ணால் கண்டோம். புதிய பழக்கம் தேடுபவர்கள் முதலில் காதையும் கண்ணையும் ஒருமுறை காட்டுங்கள்.

வெள்ளைச் சீருடை (காரைதீவு)

காக்கா எழுதியதில் காதைப் பற்றிய பகுதியை ஒவ்வொரு வீட்டிலும் வாசிக்க வேண்டும். ஆனால் வெறுங்காலோடு நடப்பதை எல்லோருக்கும் சொல்ல வேண்டாம் என்று மிகவும் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். 31 ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றினேன், அதில் பல ஆண்டுகள் புண்ணுக்கு மருந்து கட்டுவதில் கழிந்தன. நீரிழிவு நீண்ட காலம் இருந்தால் பாதத்தின் உணர்வு குறைந்துவிடும். சிப்பி கிழித்தாலும் தெரியாது, நண்பகல் மணலில் தோல் வெந்தாலும் தெரியாது. ஒரு பெரியவர் தன் குதிக்காலில் முள் ஏறி ஒன்பது நாட்கள் ஆன பிறகு, பேரப்பிள்ளை மணம் பொறுக்காமல் சொன்னதால் வந்தார். அந்தப் பாதத்தைக் காப்பாற்ற முடியவில்லை. சீனி வருத்தம் உள்ளவர்கள் கடற்கரையிலும் செருப்போடு நடக்க வேண்டும். இரவில் படுக்கைக்குப் போகும்முன் முகம் பார்க்கும் கண்ணாடியை நிலத்தில் வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். கோயில் வீதியில் செருப்பணிய முடியாதல்லவா, அன்று வீட்டுக்கு வந்ததும் பார்க்க வேண்டும்.

இன்சுலின் போடுபவர்களும் சீனியைக் குறைக்கும் கிளிக்ளசைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் வெறுவயிற்றோடு நீண்ட நடை போகக் கூடாது. சட்டைப் பையில் இரண்டு டொபியாவது இருக்கட்டும். இளைப்பாறியவர்கள் தங்கள் பிரஷரையும் சீனியையும் அறியாமல் இருப்பதற்குக் காரணமே இல்லை. 35 வயதுக்கு மேற்பட்டவர்களை இலவசமாகப் பரிசோதிக்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் அரசாங்க வைத்தியசாலைகளில் இயங்குகின்றன.

இப்போது என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். இந்த இழையில் எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள் போலத் தெரிகிறது. உத்தியோகத்திலிருந்து இளைப்பாறும் பெண்ணுக்கு அடுத்த நாள் காலையில் வெற்று நேரம் கிடைப்பதில்லை. நான் இளைப்பாறிய மறுநாள் ஐந்து மணிக்கு எழும்பி இடியப்பம் பிழிந்தேன், எட்டு மணிக்குப் பேரனைப் பொறுப்பெடுத்தேன், மகளும் மருமகனும் வேலையால் வந்த பிறகு மாலையில் இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பை மூட்டினேன். பேரப்பிள்ளையை வளர்ப்பது இன்பமான வேலைதான். ஆயினும் 31 ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் நேரம் முழுவதும் இன்னொருவர் அட்டவணைக்குள் போய்விட்டால் அந்தப் பெண் எப்போது நடப்பாள், எப்போது ஒரு புத்தகத்தை விரிப்பாள்?

இரண்டு ஆண்டுகள் பொறுத்துவிட்டு வீட்டில் சொன்னேன்: "செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை நான் இந்த வீட்டில் இல்லை." முதல் மாதம் வீட்டில் முகச்சுளிப்பு இருந்தது. அந்த நேரத்தில் அயலில் உள்ள ஆறு பெண்கள் சேர்ந்து, ஒருவர் வளவுக்கு ஒருவர் போய்த் தோட்டம் செய்கிறோம். எங்கள் மண் கடற்கரை மணல். மாட்டெருவும் காய்ந்த இலைதழையும் போட்டுப் போட்டுத்தான் பயற்றையும் வெண்டியும் பிடித்தன. வல்லாரையும் பொன்னாங்காணியும் கிணற்றடித் தண்ணீரிலேயே வளர்கின்றன. நான் நட்டதை அடுத்த கிழமை ஐந்து பேர் வந்து பார்ப்பார்கள் என்ற எண்ணம் இல்லாவிட்டால் அந்தக் கடும் கோடையில் தண்ணீர் ஊற்றியிருப்பேனா என்பது சந்தேகமே. என் கணவர், அவரும் இளைப்பாறியவர், அந்த இரண்டு நாட்களிலும் சமைக்கக் கற்றுக்கொண்டார். 64 வயதில் முதன்முதலாகப் பிட்டுக்கு மாக் குழைத்தார். இப்போது கீரைச் சுண்டலுக்கு உப்பைக் குறைக்கும்படி எனக்கே சொல்கிறார். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு அடங்க வேண்டும் என்று நான் எத்தனை ஆண்டுகள் சொல்லியும் கேளாதவர், தன் கையால் அள்ளிப் போடும்போதுதான் அது எவ்வளவு என்று கண்டார்.

காத்தான்குடியான்

தங்கச்சி, நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் நால்வரில் இருவருக்கு நீரிழிவு உண்டு. நாளை முதல் எல்லோரும் செருப்போடுதான். என் மனைவியும் ஆசிரியையாக இருந்து இளைப்பாறியவர், உங்கள் பதிவை அவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கைபேசியை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தார்.

வட்டைக்காரன் (வெல்லாவெளி)

பெரியோர்களுக்கு வணக்கம். ஓய்வூதியம் உள்ளவர்களின் பேச்சாக இது போகிறது. என் தந்தைக்கு 71 வயது, இன்றும் வயல்வட்டைக்குப் போகிறார், வாடிக் குடிசையில் இரவுக் காவல் இருக்கிறார், யானை வந்தால் வெடி கொளுத்துகிறார். விவசாயிகளுக்கான ஓய்வூதியத் திட்டம் 1987இலேயே சட்டமாக வந்ததென்றாலும், அதை நம்பி மண்வெட்டியை வைத்த ஒருவரையும் எங்கள் பக்கத்தில் நான் காணவில்லை. அப்படியானவருக்கு உடற்பயிற்சி என்றால் என்ன சொல்வது? அவர் உடல் உழைக்கிறது, ஆனால் இடுப்பு வளைந்துவிட்டது, கண்ணில் புரை உள்ளது, மாலையானால் பேச ஆள் இல்லை. அவரைப் போன்றவர்களுக்கும் பொருந்துவதாக ஏதாவது சொல்லுங்கள்.

உடலியக்கம் (மட்டக்களப்பு)

தம்பி கேட்பது நியாயமானது. உழைக்கும் உடலுக்கு மேலும் உழைப்பைச் சொல்லமாட்டேன். நாள் முழுவதும் முன்னால் குனிந்து வேலை செய்பவருக்கு எதிர்த்திசை அசைவு தேவை. மாலையில் சுவரோடு முதுகும் பின்னந்தலையும் படும்படி நின்று, கைகளை மேலே உயர்த்தி ஐந்து தடவை ஆழமாக மூச்சு எடுக்கச் சொல்லுங்கள். நெல் மூட்டையை இடுப்பில் தூக்குவதை இளையவர்களிடம் விட்டுவிடட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் கண்புரையைக் காட்டுங்கள், அது சத்திரசிகிச்சையால் தீரக்கூடிய ஒன்று. இரவுக் காவலில் பார்வை மங்கியவர் வரம்பில் தவறி விழுவதையும், யானையைத் தாமதமாகக் காண்பதையும் உடற்பயிற்சியால் தடுக்க முடியாது. பேச ஆள் இல்லை என்ற குறைக்கு என்னிடம் மருந்து இல்லை, மற்றவர்கள் சொல்லட்டும்.

ஏட்டுக்காரன் (படுவான்கரை)

நான் சொல்கிறேன். எனக்கு 66 வயது. கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்தேன். இளைஞனாக இருந்தபோது ஊர்க் கூத்தில் ஒருமுறையும் ஆடியதில்லை, உத்தியோகத்துக்கு அது பொருந்தாது என்று வீட்டில் தடுத்தார்கள். இளைப்பாறிய அடுத்த ஆண்டு ஊரில் வடமோடி வகை நாட்டுக்கூத்து ஒன்றுக்குச் சட்டம் கொடுத்தார்கள், அதாவது ஆடுபவர்களுக்குப் பாத்திரங்களையும் பாட்டுகளையும் பிரித்துக் கொடுத்தார்கள். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் என்னைவிட ஒன்பது வயது இளையவர். அவரிடம் போய், "ஆட வயதில்லை, பாடக் குரலும் இல்லை, ஏதாவது வேலை தாருங்கள்" என்று கேட்டேன். பழைய கொப்பியைப் பார்த்து எழுதச் சொன்னார்.

அந்தக் கொப்பி அவருடைய தகப்பனார் எழுதியது. ஓரங்கள் செல்லரித்து, மை ஊறி, சில வரிகள் பாதியில் நின்றன. நின்ற இடத்தை நிரப்ப ஊரில் உள்ள மூத்தவர்களிடம் போக வேண்டியிருந்தது. 84 வயதான ஒரு பெரியவர், முன்பு அரசன் கொலுவில் ஆடியவர், படுக்கையிலேயே இருந்தார். சாப்பிட்டதை மறந்து மறுபடி சாப்பாடு கேட்பவர் என்று வீட்டில் சொன்னார்கள். நான் விருத்தத்தின் முதல் அடியைப் படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் கட்டிற்சட்டத்தில் தாளம் தட்டி, மீதி மூன்று அடிகளையும் பாடி முடித்தார். அவருடைய மகள் அடுப்படியிலிருந்து வந்து கதவோரம் நின்று அழுதாள். நான் எழுதிக்கொண்டேன், ஆனால் எனக்கும் எழுத்துத் தெரியவில்லை.

அதன் பிறகு ஏடு பார்த்துச் சொல்லிக் கொடுப்பதும் ஆடுபவர் பாடிய அடியைத் திருப்பிப் பாடும் பிற்பாட்டும் என் வேலையாகிவிட்டன. கூத்துப் பழகும் காலத்தில் மாதக்கணக்கில் இரவுதோறும் கூடுவோம். பிற்பாட்டுக்காரன் ஒருவன் குறைந்தாலும் ஆடுபவனுக்கு மூச்சு வாங்க இடைவெளி கிடைக்காது. ஆகவே நான் போயே ஆக வேண்டும். ஏறக்குறைய முந்நூறு பாடல்கள் இப்போது மனதில் உள்ளன, 60 வயதுக்குப் பிறகு மனனம் ஆகாது என்று நினைத்திருந்தேன். கூத்தாடும் களரியில் நிலத்தில் இருந்துதான் பாட வேண்டும் என்பதால், சேருக்கு வந்த எழும்பும் பிரச்சினையும் எனக்குக் குறைந்துவிட்டது.

வட்டைக்காரத் தம்பி, உங்கள் தந்தைக்குப் பாட்டுத் தெரிந்திருக்கும், பரணில் இருந்து பாடாத வெள்ளாண்மைக்காரன் நம் பக்கத்தில் குறைவு. நீங்களே கைபேசியை முன்னால் வைத்து, ஒரு மாலையில் ஒரு பாட்டைக் கேளுங்கள். அடுத்த நாள் "மற்ற அடி என்ன அப்பா?" என்று கேளுங்கள். அப்படிச் சேர்பவற்றை எழுதி வைத்தால், 2005 முதல் நம் நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் திரட்டிவரும் நூலகம் திட்டத்தினரிடம் ஒப்படைக்கவும் வழி உண்டு.

தூரத்து மகள்

திருக்கோவிலில் அப்பா தனியாக இருக்கிறார், அம்மா காலமாகிப் பதினான்கு மாதங்கள். நான் வெளிநாட்டிலிருந்து தினமும் பேசுகிறேன். "நடந்தீர்களா, மருந்து எடுத்தீர்களா, ஏன் சங்கத்துக்குப் போகவில்லை" என்று கேட்கிறேன், அவர் "ஓம், ஓம்" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா சொல்வதைப் பார்த்தால் அவர் வாசலைத் தாண்டுவதே இல்லை. ஏட்டுக்கார ஐயா எழுதியதை வாசித்த பிறகு, நான் கேட்கும் கேள்விகள்தான் பிழையோ என்று தோன்றுகிறது.

வெள்ளைச் சீருடை (காரைதீவு)

மகள், உங்கள் மீது பிழை இல்லை. ஆனால் நீங்கள் கேட்பவை தாதி நோயாளியிடம் கேட்கும் கேள்விகள். அவரிடம் உதவி கேட்டுப் பாருங்கள். அம்மாவின் மீன் குழம்புக்குக் கொறுக்காய் எவ்வளவு போடுவது என்று கேளுங்கள், தெரியாவிட்டால் யாரிடமாவது விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். விசாரிக்கவாவது படலையைத் திறப்பார். கிராம உத்தியோகத்தர் பிரிவில் முதியோர் சங்கம் இருந்தால், அவரைப் போகச் சொல்வதை விட, சங்கத்தில் ஒருவரை வந்து கூட்டிப் போகச் சொல்வது பயன் தரும். பதினான்கு மாதங்களுக்குப் பிறகும் உறக்கமும் பசியும் சீராகவில்லை என்றால் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். அது துயரம் மட்டும்தானா, சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வா என்று வீட்டில் இருப்பவர்களால் பிரித்தறிய முடியாது.

சுண்ணக்கட்டி (களுவாஞ்சிகுடி)

மூன்று கிழமைகளாக இந்த இழையைத் திரும்பத் திரும்ப வாசித்துவந்தேன். கதிரைச் சோதனையில் முதல் நாள் 9 வந்தது, நேற்று 12 வந்தது. பேத்தி எண்ணுகிறாள், நான் பாதி எழும்பினால் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஐந்து பழக்கங்களின் அட்டவணையைக் கிழித்துவிட்டேன். தனியே செய்ய வேண்டியவற்றில் கதிரைப் பயிற்சியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஆட்களோடு இணைத்திருக்கிறேன். நான் முன்பு குருமண்வெளித் துறையில் பாதை என்று நாம் சொல்லும் மிதவைப் படகேறி வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கம் 11 ஆண்டுகள் படிப்பித்தவன். அங்கே ஒரு பாடசாலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணித ஆசிரியர் இல்லை என்று கேள்விப்பட்டு அதிபரிடம் பேசினேன். கிழமையில் இரண்டு நாட்கள், சம்பளம் இன்றி, போகிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை பாதை நடு வாவியில் நின்றபோது, அந்தப் பழைய காற்று முகத்தில் பட்டது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர், "சேர், கன காலத்துக்குப் பிறகு" என்றார். என் மனைவிக்கு அதே இரண்டு நாட்களும் மாலையில் வீட்டுப் பொறுப்பு இல்லை என்று நானே சொல்லிவிட்டேன், காரைதீவு அக்காவுக்கு நன்றி.

ஏட்டுக்கார ஐயாவிடம் ஒரு கேள்வி. வியாழக்கிழமை வகுப்பு முடிந்த பின் உங்கள் ஊருக்கு வந்து கூத்துப் பழக்கத்தைப் பார்க்கலாமா? எனக்குப் பாட வராது. ஆனால் கொப்பி பார்த்து எழுதுவேன், தாளக்கட்டின் எண்ணிக்கையைப் பிசகாமல் எண்ணுவேன். அன்றிரவே திரும்ப முடியுமா என்பதையும் சொல்லுங்கள்.

ஏட்டுக்காரன் (படுவான்கரை)

கட்டாயம் வாருங்கள் சேர். பழக்கம் முடிய நடுச்சாமம் ஆகிவிடும், ஆகையால் அன்றிரவு திரும்புவதை நம்ப வேண்டாம், எங்கள் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் போகலாம். பிரஷர் குளிசையையும் ஒரு போர்வையையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், வாவிக்கரைப் பனி விடியப்புறத்தில் குளிரும். அண்ணாவியாரிடம் சொல்லிவிட்டேன். எழுத வேண்டிய கொப்பி இன்னும் இரண்டு இருக்கிறதாம்.